வெளிச்சம் குறையக் காத்திருந்தவர்கள்

1998 ஏப்ரல் 25 அன்று பெப்போசாக்ஸ் என்ற செயற்கைக்கோள் ஒரு காமாக்கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தது. அது வந்த திசையில் தொலைநோக்கிகளைத் திருப்பினால், அங்கே ஒரு விண்மீன் வெடித்திருந்தது. சூப்பர்நோவா. இரண்டும் ஒரே இடத்துச் சமாசாரம்தானா? தற்செயல் என்றால் அதற்கு வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான். ஆனாலும் பலர் தலையாட்டவில்லை. அந்தக் காமா வெடிப்பு மற்றவற்றோடு ஒப்பிட்டால் படு சோனி. அணுகுண்டு சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்களில் 1967-இல் இத்தகைய வெடிப்பு முதன்முதலாகப் பதிவானதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விளக்கங்களைக் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள். சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

ஐந்தாண்டு கழித்து, 2003 மார்ச் 29 அன்று, சுமார் 200 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அசல் வெடிப்பே வந்தது. காமாக்கதிர் அரை நிமிடம் போல நீடித்தது. அதன் பின்னொளியோ நாள்கணக்கில் கண்ணைக் கூசவைத்தது. அந்தக் கூச்சம் அடங்கினால்தான் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியும். அரிசோனாவிலும் சிலியிலும் இரவுதோறும் நிறமாலை எடுத்தார்கள். முதலில் மேடுபள்ளமில்லாத வழவழப்பான கோடு. சுமார் பத்தாம் நாளில் அதில் அகன்ற திமில்கள் எழுந்தன. அந்த அகலம்தான் வேகத்தின் கணக்கு: வெடித்த விண்மீனின் பொருள் நொடிக்கு 30,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சிதறிக்கொண்டிருந்தது. இந்த நிறமாலை 1998-இல் பார்த்ததன் மறுபதிப்பு போலவே இருந்தது. இரண்டிலும் ஹைட்ரஜனைக் காணோம்.

ஹைட்ரஜன் இல்லாததில்தான் விஷயமே இருக்கிறது. பெருநிறை விண்மீனின் எரிபொருள் தீர்ந்ததும் அதன் மையம் சரிந்து கருந்துளையாகிறது. சுழன்றபடி உள்ளே விழும் பொருளின் ஒரு பகுதி, இரு துருவங்கள் வழியாகவும் ஏறக்குறைய ஒளிவேகத்தில் பீய்ச்சியடிக்கிறது. அந்தத் தாரை விண்மீனின் உடலையே துளைத்து வெளியே வரச் சில நொடிகள் ஆகும். ஹைட்ரஜன் போர்வை மூடியிருந்தால் அது பாதி வழியிலேயே மூச்சடங்கிவிடும். போர்வையை முன்பே இழந்த விண்மீனில்தான் துளை மறுபக்கம் திறக்கிறது. (இரண்டு நொடிக்குள் முடியும் குறுவெடிப்புகள் பெரும்பாலும் வேறு சாதி; நியூட்ரான் விண்மீன்கள் மோதுவதால் வருபவை.)

தாரையின் அகலம் சில பாகைகளே. அதன் நேர்க்கோட்டில் பூமி இருந்தால் மட்டுமே நமக்குக் காமா மின்னல். திசை சற்றுத் தப்பிவிட்டால், அதே விண்மீன் நம் ஏடுகளில் இன்னுமொரு சூப்பர்நோவாவாகப் பதிவாகிவிடும்.