வழி விலகிய ஒரு சொல்

மனிதரைப் போலவே சொற்களுக்கும் பிறப்பும் வளர்ப்பும் உண்டு. ஆங்கில நாளேடுகளில் ‘அபெரேஷன்’ என்றொரு சொல்லைக் காண்கிறோம். நன்றாக ஆடி வந்த வீரர் ஒருநாள் சறுக்கினாலும், அமைதியான ஊரில் ஒருநாள் கலகம் மூண்டாலும், ‘இது ஓர் அபெரேஷன்’ என்று எழுதிவிடுகிறார்கள். வழக்கத்திற்கு மாறானது, பெரிதுபடுத்த வேண்டாதது என்பது அங்கே அதன் கருத்து. ஆனால், விலகலை அப்படித் தள்ளிவிடலாமா? இச்சொல்லின் கதையே அதற்கு விடை தரும்.

இதன் தாய்மொழி இலத்தீன். ‘ஆப்’ என்றால் ‘விட்டு அகன்று’. ‘எர்ராரே’ என்றால் ‘அலைதல்’. இரண்டும் சேர்ந்த ‘அபெர்ராரே’ என்பதற்கு, வழியை விட்டு அலைந்து போதல் என்று பொருள். பிழையைக் குறிக்கும் ‘எரர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். அலைதல் எப்படிப் பிழையாயிற்று என்று வியக்க வேண்டாம். நாமும் ‘வழி தவறினான்’ என்கிறோம். ‘தவறு செய்தான்’ என்றும் சொல்கிறோம் அல்லவா?

அறிவியலில் இதனைப் ‘பிறழ்ச்சி’ என்பர். பூமி சூரியனைச் சுற்றுவதை மெய்ப்பிக்க விரும்பிய ஆங்கிலேய வானியலறிஞர் ஜேம்ஸ் பிராட்லி, தம் நண்பர் சாமுவேல் மாலினோவுடன் 1725 டிசம்பரில் காமா டிராகோனிஸ் என்ற விண்மீனை நோக்கத் தொடங்கினார். விண்மீன் இடம் மாறியது. ஆனால் எதிர்பார்த்த திசையில் அன்று! ஓராண்டில் பழைய இடத்திற்கே திரும்பியது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால், அவ்விலகல் இருபுறமும் ஏறத்தாழ 20 கூறுதான். ‘கருவிக் கோளாறு’ என்று அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. 1727இல் வேறொரு தொலைநோக்கியை அமைத்து, வேறு விண்மீன்களையும் ஆராய்ந்தார். 1728இல் காரணம் புலனாயிற்று.

காற்றில்லாத வேளையில் மழை நேராகப் பெய்கிறது. நாம் வேகமாக நடந்தால் துளிகள் முகத்தில் அடிக்கின்றன. குடையை முன்புறம் சாய்க்கிறோம். மழை சாயவில்லை, நாம் நகர்கிறோம். அதுபோலவே, பூமி நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், விண்மீன் ஒளி சற்றே சாய்ந்து வருவதாகத் தோன்றுகிறது. பூமி நகர்வதற்கு நேரடிச் சான்று இவ்வாறு கிடைத்தது. விலகியது விண்மீன் அன்று. பார்த்தவர் நின்ற பூமியே ஓடிக்கொண்டிருந்தது!

கண்ணாடிகளிலும் பிறழ்ச்சி உண்டு. ஓரத்தில் படும் கதிரும் நடுவில் படும் கதிரும் ஒரே புள்ளியில் கூடாவிட்டால் உருவம் மங்கும். இதுவே கோளப் பிறழ்ச்சி. 1990இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹபிள் தொலைநோக்கிக்கு இக்குறைதான் நேர்ந்தது. 2.4 மீட்டர் அகலமுள்ள அதன் பெரிய ஆடியின் விளிம்பு, தலைமயிரின் தடிப்பில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு அளவே கூடுதலாகத் தேய்ந்திருந்தது. அதனை எறிந்துவிடவில்லை. விலகலைத் துல்லியமாகக் கணக்கிட்டு, அதற்கு ஈடுசெய்யும் சிறு ஆடிகளைச் செய்து, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் பொருத்தினர். படங்கள் தெளிந்தன.

இனி, நாளேட்டுச் சொல்லுக்குத் திரும்புவோம். நன்றாகப் படிக்கும் தோழி ஒருத்தியின் மதிப்பெண் திடீரெனக் குறைகிறது. கலகலப்பான ஒருத்தி பேச்சை நிறுத்திவிடுகிறாள். ‘அவள் இப்போது சரியில்லை’ என்று முத்திரை குத்துவது எளிது. ஏன் விலகினாள் என்று அருகில் சென்று கேட்பதே அரிது. சில வேளை அவளுக்குத் துணை தேவைப்படலாம்; சில வேளை மாற வேண்டியது நாம் நிற்கும் இடமாகவும் இருக்கலாம். விலகலைக் கண்டால் முதலில் காரணம் தேடுவோம். பெயர் சூட்டுவதைப் பிறகு பார்ப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி