அச்சத்தை வளர்க்கும் அன்பு

துர்க்கா பூஜை நாட்களில் கொல்கத்தா நகரம் இரவையும் பகலாக்கி மகிழ்வதை நம் அன்பர்கள் அனைவரும் அறிவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில், தீபாலங்காரத்தை நிமிர்ந்து பார்த்தவண்ணம் நான் முன்னே நடந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கையில் என் மனைவியைக் காணவில்லை. அவள் ஊருக்குப் புதியவள், வங்கமொழி அறியாதவள். அரைமணி நேரம் தேடியபின், ஒரு மருந்துக்கடைப் படியில் நடுங்கியபடி அமர்ந்திருந்தவளைக் கண்டேன். பிழை முழுவதும் என்னுடையதே.

அதன்பின் கூட்டம் என்றாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். “நீங்களே போய் வந்துவிடுங்கள்” என்பாள். நானும் இரக்கத்தால் காய்கறி வாங்குவது முதல் குழந்தையைப் பள்ளியில் விடுவது வரை எல்லாவற்றையும் மேற்கொண்டேன். நாளடைவில் அவள் வாசற்படி தாண்டுவதே அரிதாயிற்று. தங்கையின் திருமணத்துக்கு ஊர் செல்ல வேண்டிய நாளில், ஹவுரா நிலையத்துக் கூட்டத்தை எண்ணி ரயிலேற மறுத்துவிட்டாள். ரயில்வே குமாஸ்தாவின் மனைவிக்கு ரயிலேற அச்சம்! அன்றுதான் மனநல நிபுணர் ஒருவரை நாடினோம். அவர் எங்களுக்குக் கற்பித்ததே ‘நடத்தைச் சிகிச்சை’ என்னும் முறை.

மனோதத்துவம் இந்நகருக்குப் புதிதன்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனித்துறை தோன்றிற்று. டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தை இங்கே நிறுவினார். வியன்னாவின் பிராய்டுடன் கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். அவர்களுடைய வழி, உள்ளத்தின் அடியிற் புதைந்த ஆசைகளை அகழ்ந்து காண்பது. நடத்தைச் சிகிச்சையோ, “இந்த அச்சம் எவ்வாறு கற்கப்பட்டது? இன்று அதற்கு உணவிடுவது எது?” என்று வினவுகிறது.

அச்சமும் ஒரு படிப்பே என்பது இதன் அடிப்படை. உணவுக்குமுன் ஓர் ஓசையைப் பலமுறை கேட்ட நாய், பின்னர் அவ்வோசைக்கே உமிழ்நீர் சுரந்ததை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் காட்டினார். 1920-இல் அமெரிக்காவில் வாட்சன் என்பவர், ஒரு குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புக் கம்பியை ஓங்கித் தட்டச் செய்தார்; குழந்தை எலியைக் கண்டதுமே அழலாயிற்று. இன்று எவரும் ஒப்பாத கொடிய பரிசோதனை அது. ஆயின் 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் இதற்கு மறுபக்கத்தைக் காட்டினார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவன் விருப்பமான உணவை உண்கையில், முயலைத் தொலைவில் வைத்துச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். இறுதியில் அச்சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

அங்ஙனமாயின் அச்சம் தானே தேயாதது ஏன்? அஞ்சியதை விட்டு விலகும்போது உடனே ஒரு நிம்மதி கிட்டுகிறது. அந்நிம்மதியே விலகுதலுக்குக் கிடைக்கும் பரிசு. பரிசு பெற்ற செயல் மீண்டும் நிகழும். மேலும், விலகியவர்க்கு ‘அங்கே தீங்கொன்றும் நேராது’ என்று கற்கும் வாய்ப்பே இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்ட ஒவ்வொரு நாளும் என் மனைவியின் அச்சத்துக்குச் சோறிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இதற்குப் பரிகாரம் ஏணி. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி 1958-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரித்துரைத்தார். அஞ்சும் நிலைமைகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என அச்ச மதிப்பெண் இடுவர்; தசைகளைத் தளர்த்தி அமைதியுற்றபின் அவற்றை ஒவ்வொன்றாக மனத்தில் நினைப்பிப்பார் அவர். இன்று பெரும்பாலும் நேரிலேயே படியேறச் செய்கின்றனர்.

எங்கள் ஏணி இது: முதற்படி, காலையில் வாயிற்கதவருகே நிற்றல். அடுத்து, கூட்டம் சேருமுன் என்னுடன் லேக் மார்க்கெட் செல்லல். பின்பு நான் தெருவின் மறுபுறம் நிற்க, அவள் மட்டும் முருங்கைக்காய் வாங்குதல். பின்பு தனியே செல்லல். அதன்பின் காளிகாட்டிலிருந்து யதீன் தாஸ் பார்க் வரை, ஒரே ஒரு நிலையம், மெட்ரோவில் பிரயாணம். அதற்கும் மேலே மாலைநேரத்துக் கரியாஹாட்.

விதிகள் இரண்டே. படபடப்பு வந்தாலும் அது தணியத் தொடங்கும்வரை அவ்விடத்தை விட்டு ஓடலாகாது. ஒரு படி எளிதாகும்வரை மீண்டும் மீண்டும் அதையே பழக வேண்டும். எனக்கும் ஒரு விதி இருந்தது: தள்ளவும் கூடாது, அவளுக்குப் பதிலாகச் செய்யவும் கூடாது; ஏறிய படியைப் பாராட்ட வேண்டும். இரண்டாவதே எனக்குக் கடினமாயிருந்தது.

இம்முறை பழைய அச்சத்தை அழிப்பதில்லை; அதன்மேல் புதிய பாடமொன்றை எழுதுகிறது என்கின்றனர் இக்கால ஆராய்ச்சியாளர். ஆகவே சில வேளை அச்சம் மீண்டும் தலைகாட்டும், அது தோல்வியன்று. எல்லா மனநோய்க்கும் இதுவே மருந்தும் அன்று. நெஞ்சு படபடப்புக்கு உடற்காரணம் உண்டா என்பதை மருத்துவரிடம் முதலில் தெளிவது நலம். எங்கே செல்வதென்று அறியாதோர், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

சென்ற பூஜையன்று இருவரும் பந்தல் பார்க்கச் சென்றோம். வாயிலில் என் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு கால்மணி நேரம் அசையாமல் நின்றாள். பின்னர் கையை விட்டாள். திரும்பும் வழியில் எனக்குத் திசை தடுமாறிற்று. அவளே ஒரு காவலரிடம் சென்று, “லேக் மார்க்கெட் கோன் திகே?” என்று வினவி வழி கேட்டு வந்தாள். இவ்வாண்டு பொங்கலுக்கு ஊர் சென்று, தங்கை வீட்டிலும் நான்கு நாட்கள் தங்கி வந்தோம்.