காதால் படிக்கும் வரலாறு

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை போன்ற ஊர்களிலிருந்து ஏலக்காய் வேலைக்குச் செல்வோர் பலர். காலையில் ஜீப்பில் மலையேறித் தோட்டத்துக்குப் போவோர் உண்டு. கிடங்கில் அமர்ந்து காய்களைத் தரம் பிரிப்போரும் உண்டு. கையும் கண்ணும் ஓய்வதில்லை. காதுதான் சும்மா இருக்கிறது. அந்தக் காதில் ரோமானியப் பேரரசின் வரலாறு ஒலித்தால், அதைப் படிப்பு என்று சொல்லலாமா?

காதால் உலகை அறிவது நமக்குப் புதிதன்று. பி.பி.சி. தமிழோசை 1941 முதல் 2017 வரை வானொலி வழியே உலகச் செய்திகளைத் தமிழர் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. பார்வையற்றோருக்காக 1930களில் இசைத்தட்டுகளில் பதிவான பேசும் நூல்களே இன்றைய ஒலிநூலுக்கு முன்னோடி.

சரி, கண்ணால் படிப்பதற்கும் காதால் கேட்பதற்கும் என்ன வேறுபாடு? படிக்கும்போது நம் கண் வரியில் சீராக ஓடுவதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. நூறு தாவல்களில் பத்துப் பதினைந்து பின்னோக்கியவை. புரியாத சொல்லை நாம் அறியாமலே கண் திரும்பிப் பார்த்துவிடுகிறது. காதுக்கு அந்த வசதி இல்லை. சொன்ன சொல் போய்விடும். மனம் ஒரே நேரத்தில் ஏந்தி நிற்கக்கூடிய புதுச் செய்திகளோ நான்கைந்துதான். அரசர் பெயர், ஆண்டு, போர்க்களம் என்று அடுக்கிக்கொண்டே போனால் முதலில் கேட்டது நழுவிவிடும்.

அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பாடக் கட்டுரை ஒன்றை ஒலிப்பதிவாகக் கேட்ட மாணவர்கள், படித்தவர்களைவிடக் குறைந்த மதிப்பெண்ணே பெற்றனர். ஆனால் 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டாம் உலகப்போர்க் கால வீரர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டவர்களுக்கும் படித்தவர்களுக்கும் புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கதைபோல் ஓடும் வரலாறு காதுக்கு ஏற்றது என்று கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. புதிய செய்தி, தெரிந்த செய்தியோடு கோத்துக்கொண்டால் எளிதில் மறக்காது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி குறைபட்டுக்கொண்டார். அந்த வணிகத்தின் பெருந்துறைமுகமான முசிறி, போடி மலைக்கு அப்புறம் உள்ள கேரளக் கடற்கரையில்தான் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் குவாத்தமாலாவில் ஏலச்செடியைப் பயிரிட்டார். இன்று அந்நாடு ஏலக்காய் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கிறது. அங்கே விளைச்சல் ஏறி இறங்கினால் போடி ஏலத்தில் விலை அசைகிறது. இதை அறிந்தவருக்குப் பேரரசுகளின் கதை எங்கோ நடந்த கதையாகத் தோன்றுமா?

நீங்களும் செய்து பாருங்கள். ஒலிநூலைக் கேட்கும் முன் உலகப்படத்தில் அந்த நாட்டைக் கண்டுபிடியுங்கள். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலியை நிறுத்தி, யார், எங்கே, எப்போது, ஏன் என்று உங்களையே கேளுங்கள். மாலையில் வீட்டில் ஒருவருக்கு அதைக் கதையாகச் சொல்லுங்கள். இப்படி நினைவிலிருந்து எடுப்பதன் பயன் பெரிது. 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒருமுறை படித்தபின் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து 56 விழுக்காடு நினைவில் வைத்திருந்தனர். எழுதாமல் இருமுறை படித்தவர்களுக்கு நினைவில் நின்றது 42 விழுக்காடுதான்.

ஓர் எச்சரிக்கை: மலைச்சாலையில் நடக்கும்போது காதில் கருவி வேண்டாம், வளைவில் வரும் ஜீப்பின் ஒலி கேட்க வேண்டும்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவருக்கும் காது திறந்தே இருக்கிறது. கேட்டதைத் திருப்பிச் சொல்லத் தெரிந்துவிட்டால், அதுவும் படிப்புத்தான்.