கூரையை மாற்றுமுன்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றையும், அதன்பின் வரும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் ஆண்டுதோறும் தாங்க வேண்டியது கொங்கு நாட்டுக் கூரை. நெசவாளருக்கு வீடே தறிக்கூடம். குடியானவருக்கு வீடே களஞ்சியம். சென்னிமலையிலோ பவானியிலோ ஒரு கூரை ஒழுகினால், கெடுவது தறியிலேறிய பாவு. அந்நூலோ பெரும்பாலும் சங்கம் கொடுத்த நூல். ஆகவே கூரை மாற்ற எண்ணும் அங்கத்தினர்கள் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, முழுக்கூரையும் மாற்ற வேண்டுமா என்பது. ஒழுக்குக்குக் காரணம் பல வேளைகளில் உடைந்த சில ஓடுகளும், சாந்து பெயர்ந்த முகட்டோடுமே. கைமரங்களை உளியால் குத்திப் பார்த்தல் வேண்டும். உளி எளிதில் இறங்கினால் கரையான் உள்ளே புகுந்திருக்கிறது. அம்மரத்தை மாற்றாமல் புது ஓடு போடுவது வீண்செலவு.

இரண்டாவது, சுவரின் வலிமை. 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய ஆலையால் புகழ்பெற்ற மங்களூர் ஓடு, ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறக்குறைய 140 தேவை. அவற்றின் எடை சுமார் 300 கிலோ. அதே பரப்பில் 4 அங்குலக் கான்கிரீட் தளமோ 2,300 கிலோவுக்கு மேல். ஓட்டுக்கெனக் கட்டிய மண்சுவரின்மீது, பொறியாளரைக் கேளாமல் தளம் போடுவது உயிருக்கே கேடு.

மூன்றாவது, பொருளின் குணம். தகரம் எடை குறைந்தது. ஆதலின் கொக்கி ஆணிகளால் இறுகப் பிணைக்காவிடில் காற்று தூக்கிவிடும். வெயிலில் அது கொதிப்பதால் கீழே நூல் உலர்ந்து அறும். ஆஸ்பெஸ்டாஸ் அட்டை மலிவானதே. ஆயினும் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. அட்டையை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்ணிழை நுரையீரலில் தங்கி, பல்லாண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படும். பழைய அட்டையை இறக்க நேரின், நீர் தெளித்து, முகத்தை மூடிக்கொண்டு, உடையாமல் முழுதாகக் கழற்ற வேண்டும்.

புது ஓடு வாங்குவோர் தட்டிப் பார்க்க வேண்டும். நன்கு வெந்த ஓடு கணீரென ஒலிக்கும். ஓரோட்டை நிறுத்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து மீண்டும் நிறுத்தால், அது குடிக்கும் நீரின் அளவு தெரியும். வெவ்வேறு சூளை ஓடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தா. ஆகவே உடைசலுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வாங்குக. பழுதற்ற பழைய ஓடுகளைக் கழுவி ஒரு பக்கச் சரிவுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

வேலைக்கு ஏற்ற காலம் தையும் மாசியும். பாவை இறக்கி வேறிடம் சேர்த்த பின்னரே ஓட்டைப் பிரிக்க வேண்டும். கூலி, மரத்தின் அளவு, முடிக்கும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பெற்று, வேலை நடக்க நடக்கப் பணம் கொடுத்தல் முறை. கடன் தேவைப்படின் முதலில் கூட்டுறவு வங்கியில் விசாரியுங்கள். கந்துவட்டிக்கு வாங்கிப் போட்ட கூரை மழையைத் தடுக்கலாம், வட்டியைத் தடுக்காது.