வாயில் எதையும் ஊற்றாதீர்கள்

விஷம் தின்ற நாயைத் தூக்கிக்கொண்டு எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு ஓடிவருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "வாயில என்ன ஊத்துனீங்க?" சிலருக்கு இது சுருக்கென்று இருக்கும். ஆனால் பதில் தயாராக வைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர், பச்சை முட்டை, நல்லெண்ணெய், வாழைத்தண்டுச் சாறு. கண்ணெதிரே துடிக்கும்போது சும்மா நிற்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் சொல்கிறேன், சும்மா நின்றிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய நாய்கள் உண்டு.

துவண்டு கிடக்கும் நாய்க்கு விழுங்கும் பக்குவம் இருக்காது. ஊற்றியது நேரே நுரையீரலுக்குப் போகும். விஷம் முறிந்த பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து நிமோனியாவில் சாகும். உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். வாந்தி வராவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறி, அதுவே வலிப்பைக் கொண்டுவரும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று மருத்துவர்கள் சில ஆண்டுகளாகச் சந்தேகிக்கிறார்கள். அந்த அமிலம் நம் புளியில் நிறைய இருக்கிறது. விஷத்தை எடுக்க என்று புளியைக் கரைத்து ஊற்றுவது எந்த ஊர் நியாயம்?

சில விஷங்களுக்கு நாங்களே ஊசி போட்டு வாந்தி எடுக்கவைப்பது உண்டுதான். தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், நாய் தெளிவாக இருந்தால் மட்டும். ஆசிட் குடித்த நாய் வாந்தி எடுத்தால் உணவுக்குழாய் இரண்டாம் முறை வெந்துபோகும். மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலில் இறங்கும். எதற்கு எடுக்கவைக்கலாம், எதற்குக் கூடாது என்பதை வீட்டில் முடிவுசெய்ய வேண்டாம்.

எலி மருந்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எங்கள் கரிசல் பக்கம் அது இல்லாத வீடு குறைவு. கடையில் "எலி மருந்து" என்று ஒரே பேரில் கேட்கிறோம். உள்ளே இருப்பது வேறு வேறு சரக்கு. கலர் கேக்காக வருவது பெரும்பாலும் புரோமாடியலோன். இது வைட்டமின் கே வேலை செய்யாமல் தடுத்து, ரத்தம் உறைவதைக் கெடுக்கும். தின்ற அன்று நாய் வாலாட்டிக்கொண்டு சோறு தின்னும். "தின்னுச்சு சார், ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடுவார்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் நாளில் மூக்கில் ரத்தம், ஈறு வெளுப்பு, மூச்சிரைப்பு. முதல் நாளே வந்திருந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றுவது அவ்வளவு கடினமில்லை. சில வாரம் விடாமல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கறுஞ்சாம்பல் நிறப் பொடி வேறு கதை. அது ஜிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்லும். பால் ஊற்றினாலோ சோறு வைத்தாலோ அமிலம் இன்னும் சுரக்கும், வாயுவும் கூடும். நாயின் வாயில் பூண்டு வாடையோ அழுகின மீன் வாடையோ அடித்தால் இதைச் சந்தேகியுங்கள். அந்த வாந்தியிலிருந்து கிளம்பும் வாயு மனிதர்களுக்கும் ஆகாது. காரில் கொண்டுவந்தால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். இத்தனை வித்தியாசமும் டப்பாவில் அச்சடித்திருக்கிறது. அதைத்தான் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். நாயோடு அந்த அட்டையையும் எடுத்து வாருங்கள், கிழிந்திருந்தாலும் சரி.

பருத்திக்கு அடித்து மீந்த பூச்சிமருந்தை நாயின் உண்ணி சாகட்டும் என்று மேலே தேய்க்கிற வழக்கமும் இருக்கிறது. உண்ணி சாகும், சந்தேகமில்லை. எச்சில் ஒழுகி, தசை துடித்து, நாயும் போகும். இப்படி ஆனால் கையுறை மாட்டிக்கொண்டு சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவி, உடனே கொண்டுவர வேண்டும். சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து இருக்கிறது.

தண்ணீர் ஊற்றியே தீர வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு, அதுவும் உடம்பின் மேல். கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் கட்டிய நாய், நிறுத்திய காருக்குள் விட்ட நாய், மத்தியான நடைக்குக் கூட்டிப்போன பக் இன நாய். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூக்கு சப்பையான இனங்களுக்கு அதுவும் சரியாக முடியாது. இயல்பான உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் வெந்துவிடும். இதற்கு மட்டும் உடனே ஓடிவராதீர்கள். முதலில் நிழலில் போட்டு, குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். பிறகு வண்டி ஏற்றுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி அப்படியே விடுவது தப்பு, சூடு உள்ளேயே நின்றுவிடும். வெப்பமானி 103 காட்டியதும் ஊற்றுவதை நிறுத்தலாம்.

பாம்புக்கடியில் பெரும்பாலும் மூக்கிலோ முன்னங்காலிலோதான் பல் பதிந்திருக்கும், மோந்து பார்க்கப் போய் வாங்கிய கடி. நல்ல பாம்பென்றால் இமை சொருகி, கால் துவண்டு, மூச்சு நிற்கும். கண்ணாடி விரியன் என்றால் முகம் வீங்கி ரத்தம் கசியும், சிறுநீர் கறுக்கும். கயிறு கட்டுவது, கீறி விடுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். பாம்பைப் பிடித்துவர வேண்டியதில்லை, சொன்னால் யார் கேட்கிறார்கள்? ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே விரியனா என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் விஷத்தை வைத்துத் தயாராவது அது. குட்டி நாய்தானே, பாதி போதாதா என்பார்கள். பாம்பு குட்டிக்கென்று விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லை, அதனால் மருந்தையும் குறைக்க முடியாது.

வலிப்பு வந்த நாயின் வாயில் சாவியும் கரண்டியும் வேண்டாம், கையும் வேண்டாம். நாக்கை அது விழுங்காது. பக்கத்துச் சாமான்களை ஒதுக்கிவிட்டு மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கிளம்புங்கள். பெரிய உடம்பு நாய் வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கியிருக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள், அறுவைசிகிச்சைக்கு நேரம் போய்விடும்.

நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்து வையுங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் போனில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மருந்தகம் தொலைவு என்றால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 இருக்கிறது.

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். வாந்தியோ மூச்சுத் திணறலோ இல்லாவிட்டால் ஒரு துணிப்பட்டையால் வாயைக் கட்டித் தூக்குங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நாயை வேறொருவரிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். "நம்ம நாய்தானே டாக்டர்" என்று கையில் மஞ்சளை அப்பிக்கொண்டு என் எதிரில் வந்து உட்காருகிறவர்களுக்கு நான் வைத்தியம் பார்க்க முடியாது.