மயில் தலைக் கைத்தடி

கைத்தடி என்பது வயோதிகர்களுக்கு உரிய வஸ்து என்று நாமெல்லோரும் தீர்மானித்துவிட்டோம். குழந்தையையும் கைத்தடியையும் சேர்த்து நினைத்தால், 1937-ஆம் வருஷம் ஜுஹு கடற்கரையில் எடுத்த படம் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது. காந்தி மகானுடைய தடியின் ஒரு நுனியைப் பற்றிக்கொண்டு பேரன் கனு முன்னே செல்கிறான். மகான் பின்னே விரைகிறார். அங்கேயும் தடி தாத்தாவுடையதுதான். பேரனுக்கு அது விளையாட்டு.

என் தங்கையின் புதல்வனுக்கோ நாலு வயதிலேயே சொந்தமாக ஒரு தடி வேண்டியிருந்தது. பிறவியிலேயே அவனுக்கு இடது கால் சற்று வலுக் குறைவு. டாக்டர் சொன்னபடி அலுமினியத் தடி ஒன்று வாங்கி வந்தோம். பாலர் வகுப்புக்கு அதை எடுத்துச் சென்ற முதல் நாளே, "தாத்தா! தாத்தா!" என்று பிள்ளைகள் கூவிவிட்டார்கள். அன்று மாலை தடி கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கலானான். சுவர் இல்லாத இடத்துக்குப் போவதையே விட்டுவிட்டான்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பையன்கள் இருவர் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். இரும்பும் தோலும் கொண்ட கவசத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயரை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. 2011-ஆம் வருஷத்துக்குப் பிறகு நம் தேசத்தில் இயற்கையாகப் பரவும் கிருமியால் அந்த வியாதி யாருக்கும் கண்டதில்லை. 2014-இல் உலக சுகாதார ஸ்தாபனம் நற்சான்றும் வழங்கிவிட்டது. பட்டப் பெயர் சூட்டும் வழக்கம் மட்டும் பள்ளிக்கூடங்களில் சௌக்கியமாகவே இருந்து வருகிறது.

எங்கள் தாராபுரம் பழனி யாத்திரிகர்களின் பாதையில் உள்ள ஊர். தை மாதம் பிறந்தால் காவடியும் கோலுமாக ஜனங்கள் சாலையில் சென்றவண்ணம் இருப்பார்கள். என் தாயார் பையனைத் திண்ணைக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

"பாரு கண்ணு, பழனியாண்டவரே தண்டம் வெச்சுக்கிட்டுத்தான் நிக்கறாரு. அவரு பேரே தண்டாயுதபாணி. அவரை யாராச்சும் தாத்தான்னு கூப்பிடறாங்களா?"

பையன் சிறிது யோசித்தான். "அவரு தடியில மயில் இருக்குதா, அமுச்சி?"

"இருக்குது" என்றார் என் தாயார், சிறிதும் தயங்காமல். அந்த ஒரு வார்த்தையினால் வேலை என் தலையில் விழுந்தது.

வேலியோரம் நின்ற வெட்பாலையில் ஒரு கிளையை வெட்டித் தோலை உரித்து, அன்றே மயில் தலையைச் செதுக்கி வெயிலில் உலர்த்தினேன். நாலாம் நாள் அது நுனியிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆசாரியார் வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, பச்சை மரத்தை வெயில்ல போட்டா வெடிக்காம என்னங்க பண்ணும்? இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றதில்லீங்களா?"

மரத்தின் ஈரம் பக்கவாட்டில் மெதுவாகவும், வெட்டிய முனைகளின் வழியே வேகமாகவும் வெளியேறுகிறது. முனை முந்திக்கொண்டு சுருங்குவதால் பிளவு உண்டாகிறது. ஆகையால் இரு முனைகளிலும் சாணியையோ மெழுகையோ அப்பி, மாதக்கணக்கில் நிழலில் போட்டு வைக்கவேண்டும். ஆசாரியார் பரணிலிருந்து காய்ந்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதுவும் வெட்பாலைதான். வெண்மையான, நெருங்கிய இழையுள்ள மரம். மைசூர்ச் சீமையின் சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பேர்போனது. நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புகளுக்கு மஞ்சள் கடம்பு. கிடைத்த கொம்பையெல்லாம் குழந்தைக்குத் தடியாக்கிவிடலாகாது. அரளிக் கொம்பு நேராகவும் வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் பட்டையும் கட்டையும் விஷம், குழந்தையோ எதையும் கடித்துப் பார்க்கும்.

வர்ணத்திலும் அதே ஜாக்கிரதை வேண்டும். 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது. ஆனால் அதற்கு முன்பு வாங்கிய டப்பாக்கள் எத்தனை வீடுகளின் பரணில் இருக்கின்றன! ஆசாரியார் அரக்கையே உபயோகித்தார். கடைசல் பட்டறையில் தடி சுழல்கிறது. வர்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் முகம் பார்க்கலாம் போல மெருகு ஏறிவிடுகிறது. மஞ்சளும் அவுரி நீலமுமாகத் தண்டு முழுவதும் வளையங்கள். மயில் தலையைப் பட்டறையில் சுழற்ற முடியாதல்லவா? அதற்கு அவலரக்கைச் சாராயத்தில் கரைத்து, வர்ணம் சேர்த்து, நானே தூரிகையால் தீட்டினேன். மாத்திரைகளுக்கு மேற்பூச்சாகும் சரக்கு. பையன் கடித்தாலும் பயமில்லை.

கொண்டை மிகவும் அழகாக அமைந்திருந்தது. ஆசாரியார் அதை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரே இழைப்பில் மழித்துவிட்டார்.

"அழகு போயிற்றே, ஆசாரியாரே!"

"கை தப்பிச்சுதுங்க" என்றார் அவர். அதன் பிறகு கொண்டையைக் கோடுகளாக மட்டும் கீறினோம். மூக்கையும் மழுக்கினோம்.

உயரம் விஷயம் டாக்டர் சொன்னது. குழந்தை செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே நிற்கிறதோ, அதுவரை தடி இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கும். அடியில் ரப்பர்க் குமிழ் அவசியம். இடது கால் பலவீனமானால் தடி வலக்கையில் இருக்கவேண்டும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அதுவரை நான் இடக்கையில் கொடுத்தே பழக்கிக்கொண்டிருந்தேன். பட்டதாரி என்று பெயர்!

தடியுடன் அவன் வகுப்புக்குப் போன அன்று நான் எதிர்த்த கடையில் நின்று பார்த்திருந்தேன். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் மயிலைத் தொட்டான். இவன் தடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஏதோ கண்டிப்பாகச் சொன்னான். அந்த வாரமே, தங்கள் பிள்ளைகளுக்கும் அதுபோல ஒன்று கிடைக்குமா என்று மூன்று தாய்மார்கள் விசாரித்து வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கால்கள் திடமாகவே இருக்கின்றன.

இப்போது பையன் ஒன்றரை அங்குலம் வளர்ந்துவிட்டான், தடி குட்டையாகிவிட்டது. ஆசாரியார் பரணில் வேறொரு வெட்பாலைத் துண்டு, முனைகளில் சாணி பூசி, உலர்ந்துகொண்டிருக்கிறது. இந்தத் தடவை மயிலோடு வேலும் வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது.