தோல்வியைப் படித்தவர்

கால்பந்து ஆட்டம் காணச் செல்வோரின் கண்கள் பந்தின் பின்னாலேயே ஓடுகின்றன. கோல் போட்டவனைத் தோளில் தூக்குகிறோம். கோல் காத்தவனைக் கைதட்டிப் பாராட்டுகிறோம். இவ்விருவருக்கும் இடையே, ஆட்டம் முழுதும் மூச்சிரைக்க ஓடி, எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, அதைத் தன் தோழனிடம் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறானே ஒருவன், அவன் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மாலையில் நம் பல்கலைக்கழகத் திடலுக்கு வரும் தமிழ் மாணவர்களிடையே முன்னணியில் நிற்கத்தான் போட்டி. நடுவில் நிற்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆகவேதான் அந்த நடுவிடத்தில் நின்று வளர்ந்த ஒரு ஜப்பானியரைப் பற்றி நம் இதழில் எழுத விரும்பினேன். அவர் பெயர் ஹாஜிமே மொரியாசு.

1968 ஆம் ஆண்டு பிறந்த மொரியாசு, நாகசாகியில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1987 இல் ஹிரோஷிமா சென்று, மாஸ்டா மோட்டார் நிறுவனத்தின் கால்பந்துக் குழுவில் சேர்ந்தார். ஜப்பானில் தொழில்முறைக் கழகங்களின் லீக் போட்டி அன்று ஏற்பட்டிருக்கவில்லை. பெரிய நிறுவனங்களே குழுக்களை வைத்திருந்தன. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்நிறுவனங்களின் ஊழியர்கள். தலைமை நிறுவனத்தில் அவ்வாண்டுக்குரிய இடங்கள் நிரம்பிவிட்டமையால், அதன் துணை நிறுவனமாகிய போக்குவரத்துக் கம்பெனியில்தான் மொரியாசுவுக்கு வேலை கிடைத்தது. இப்படிக் கடைசி ஆளாக உள்ளே நுழைந்தவர்தான் பின்னாளில் அந்நாட்டுக் கால்பந்தையே வழிநடத்தினார்!

அவரிடம் மின்னல் வேகம் இல்லை. பெரிய உயரமும் இல்லை. பந்து அடுத்து எங்கே வரும் என்று முன்கூட்டியே உணர்ந்து, அது வருமுன் அங்கே நிற்கும் அறிவு இருந்தது. மாஸ்டாவில் அவரைப் பயிற்றுவித்த ஹாலந்து நாட்டவரான ஹான்ஸ் ஓஃப்ட் 1992 இல் ஜப்பான் நாட்டணியின் பயிற்சியாளரானதும், மொரியாசுவை அழைத்துக்கொண்டார். "யார் இவர்?" என்று பலரும் வியந்தனர். ஆனால் அவர் ஆடத் தொடங்கிய பின், அந்த இடத்திற்கே ஒரு பெயர் பரவிவிட்டது. போர்ச்சுகீசிய மொழியில் காரின் ஸ்டியரிங் சக்கரத்தை 'வொலாந்தே' என்பர். அச்சொல்லை ஜப்பானியர் 'பொராஞ்சி' எனத் தம் நாவுக்கேற்ப மாற்றி, தடுப்பு வேலை செய்யும் நடு ஆட்டக்காரருக்குச் சூட்டினர். வண்டிக்கு வேகம் தருவது எஞ்சின்; வழி தருவது சக்கரம் அன்றோ!

1993 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அடுத்த ஆண்டின் உலகக் கோப்பைக்கான ஆசியத் தேர்வுப் போட்டியின் இறுதிச் சுற்று, கத்தார் நாட்டின் தோகா நகரில் நடந்தது. ஆறு நாடுகள், இடங்களோ இரண்டே. ஜப்பான் அதற்குமுன் ஒருமுறையும் உலகக் கோப்பையில் ஆடியதில்லை. 28 ஆம் தேதி நடந்த கடைசி ஆட்டத்தில் ஈராக்கை வென்றால் அமெரிக்கா செல்லலாம். இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் ஜப்பான் முன்னின்றது. தொண்ணூறு நிமிடங்களும் முடிந்து, நடுவரின் விசிலுக்காக ஒரு நாடே காத்திருந்தது. அப்போது ஈராக்குக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்தை நேரே கோல் முன் தூக்கி அடிப்பார்கள் என்று ஜப்பானியர் எதிர்பார்த்தனர். ஈராக்கியரோ அருகிலிருந்தவனிடம் மெல்லத் தட்டி, பிறகு தூக்கினர். தலையால் முட்டப்பட்ட பந்து வலைக்குள் விழுந்தது. இரண்டுக்கு இரண்டு! சவூதி அரேபியாவும் தென் கொரியாவும் தகுதி பெற்றன. ஜப்பானிய வீரர்கள் புல்தரையில் சாய்ந்தனர். அவர்களுள் மொரியாசுவும் ஒருவர். அந்நாளை ஜப்பானியர் 'தோகாவின் துயரம்' என்கின்றனர்.

1998 இல் ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியபோது அவர் அணியில் இல்லை. நாட்டுக்காக 35 ஆட்டங்கள் ஆடியும், உலகக் கோப்பைப் புல்லை ஆட்டக்காரராக மிதிக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 2004 இன் தொடக்கத்தில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

பிறகு எட்டாண்டுகள் துணைப் பயிற்சியாளர் முதலிய பொறுப்புகளில் கழிந்தன. 2012 இல் அவருடைய பழைய கழகமே அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. மாஸ்டா குழு அதற்குள் சான்ஃபிரெச்சே ஹிரோஷிமா என்று பெயர் மாறியிருந்தது. 'சான்' என்றால் ஜப்பானிய மொழியில் மூன்று. 'ஃபிரெச்சே' என்றால் இத்தாலிய மொழியில் அம்புகள். ஓர் அம்பை ஒடிக்கலாம், மூன்றைச் சேர்த்து ஒடிக்க முடியாது என்று மோரி மொட்டொநாரி என்ற தலைவர் தம் மக்களுக்குச் சொன்னதாக வழங்கும் கதையே இப்பெயரின் வேர். நம் பாட்டிமார் சொல்லும் விறகுக்கட்டுக் கதைக்கு இது உடன்பிறப்பு! 2012, 2013, 2015 என நான்கே ஆண்டுகளில் மூன்று முறை அக்கழகம் ஜப்பானின் முதல்நிலை லீக்கை வென்றது. தொழில்முறை லீக்கை அதுவரை ஒருமுறையும் வெல்லாத கழகம் அது. ஆயினும் 2017 இல் அதே குழு பதினெட்டில் பதினேழாம் இடத்துக்குச் சரிந்தது. மொரியாசு பொறுப்பைத் துறந்தார்.

2018 உலகக் கோப்பையில் துணைப் பயிற்சியாளராக இருந்தபின், அவ்வாண்டே நாட்டணி அவர் கைக்கு வந்தது. 2022 உலகக் கோப்பை நடந்த நாடு எது? அதே கத்தார்!

நவம்பர் 23 ஆம் தேதி, நான்கு முறை உலகக் கோப்பை வென்ற ஜெர்மனியுடன் முதல் ஆட்டம். பாதி ஆட்டத்தில் ஜப்பான் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. அப்போது மொரியாசு செய்ததை நாம் உற்று நோக்க வேண்டும். பின்னணியில் தோமியாசுவைச் சேர்த்து, நால்வர் நின்ற காப்பு வரிசையில் நடுக் காப்பாளர் மூவரை நிறுத்தினார். இதனால் இரு ஓரங்களிலும் நிற்போர் துணிந்து முன்னேற வழி பிறந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தாக்கும் ஆட்டக்காரர்களை இறக்கினார். 75 ஆவது நிமிடத்தில் தோவானும், 83 ஆவது நிமிடத்தில் அசானோவும் கோல் போட்டனர். இருவரும் வெளியே உட்கார்ந்திருந்து பாதிக்குப் பின் வந்தவர்கள். இருவரும் ஜெர்மன் கழகங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். அசானோ ஹிரோஷிமாவில் மொரியாசுவிடமே பயின்றவர். யாரை, எப்போது, எவ்விடத்தில் பயன்படுத்துவது என்ற அறிவே பயிற்சியாளரின் கலை.

அடுத்து கோஸ்டா ரிக்காவிடம் ஜப்பான் தோற்றது. புகழ்ந்த வாய்களே இகழ்ந்தன. மூன்றாவது ஆட்டம் ஸ்பெயினுடன். பந்து ஐந்தில் ஒரு பங்கு நேரங்கூட ஜப்பானியரிடம் இல்லை. எனினும் இரண்டுக்கு ஒன்று என வென்றனர். அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் 1993 இன் நினைவு தம் மனத்தில் எழுந்ததாக மொரியாசு பின்னர் கூறினார். ஆனால் தம் வீரர்கள் பின்வாங்கி நிற்கவில்லை. பந்தைப் பறிக்க முன்னோக்கிப் பாய்ந்தனர். அதைக் கண்டு, காலம் மாறிவிட்டது என்று உணர்ந்தாராம். அடுத்த சுற்றில் குரோஷியாவிடம் பெனால்டி உதைகளில் ஜப்பான் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் அவர் ரசிகர்களை நோக்கி இடுப்பு வளைய வணங்கி நின்றார்.

2025 மார்ச்சில், போட்டி நடத்தும் நாடுகள் நீங்கலாக 2026 உலகக் கோப்பைக்கு முதன்முதலில் தகுதி பெற்ற அணி அவருடையதே. அவ்வாண்டு அக்டோபரில் டோக்கியோவில் இரண்டு கோல் பின்தங்கியும், மூன்றுக்கு இரண்டு என்று பிரேசிலை வென்றது. பிரேசிலை ஜப்பான் வென்றது அதுவே முதல் முறை.

ஆட்டத்தின்போது மொரியாசுவின் கையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். கண்டதை உடனே எழுதிக்கொள்வார். மாணவர்களாகிய நமக்கு இப்பழக்கம் புதிதன்று. ஆயினும் நம் குறிப்பேடுகளில் நாம் தோற்ற இடங்களை எழுதிவைக்கிறோமா? தோல்வியை மறக்க முயல்வோர் பலர். அதை ஒரு பாடநூலாக எடுத்துக்கொண்டு, இருபத்தொன்பது ஆண்டுகள் படித்து, அதே நாட்டில் தேர்வெழுதி வென்றவர் இவர். வரும் ஞாயிறன்று நம் குழு திடலில் இறங்கும்போது, நடுவில் நிற்க யாரேனும் ஒருவர் முன்வந்தால் இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகக் கொள்வேன்.